நாள் குறித்த புரட்சிகள்

இடதுசாரி இயக்கங்களின் வரலாற்றில் முன்கணிப்பு, பிற கட்சிகளிடம் காணப்படாத ஒரு பாரத்தைச் சுமந்து வந்திருக்கிறது. தேர்தலில் இத்தனை இடங்கள் கிடைக்கும் என்று சொல்லி அது பொய்த்துப்போனால் ஒரு சாதாரணக் கட்சி சில நாள் தலைகுனிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். ஏனெனில் அதன் இருப்புக்கான நியாயம் அந்தக் கணிப்பில் தங்கியிருப்பதில்லை. மார்க்சிய மரபில் கிளைத்த கட்சிகளோ சமூகம் இயங்கும் விதிகளைத் தாம் கற்றறிந்திருப்பதாகவும், அந்த அறிவே மக்களை வழிநடத்தும் உரிமையைத் தமக்குத் தருவதாகவும் கூறிக்கொண்டவை என்பதால், அடுத்து என்ன நடக்கும் என்று அவை அறிவித்த ஒவ்வொரு முறையும் தலைமையின் தகுதியே பணயமாக வைக்கப்பட்டது. பணயம் அவ்வளவு பெரிதாக இருந்ததால், தோல்வியை ஒப்புக்கொள்வதைவிடத் தவணையை நீட்டித்துக்கொள்வதே எளிதாக இருந்தது. அந்த நீட்டிப்புக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்ற கேள்விதான் அதிகம் கேட்கப்படாமல் போயிற்று.

இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் அந்தோனியோ கிராம்சி, முசோலினியின் சிறையில் எழுதிய குறிப்பேடுகளில் இச்சிக்கலின் வேரைத் தொட்டிருக்கிறார். தோல்விகள் அடுத்தடுத்து வரும் காலத்தில், போராட்டத்தின் முன்முயற்சி தன் கையில் இல்லாத ஒரு வர்க்கத்துக்கு, இன்று வீழ்ந்தாலும் வரலாறு தன் பக்கமே நகர்கிறது என்ற நம்பிக்கை, மதத்தில் விதியும் இறையருளும் வகிக்கும் இடத்தை வகித்து, கலைந்துபோகாமல் தாக்குப்பிடிக்கும் வலுவைத் தருகிறது என்றும், அதே வர்க்கம் பொறுப்பேற்று வழிநடத்த வேண்டிய கட்டம் வரும்போது அந்த நம்பிக்கையே செயலின்மையாகவும் அசட்டுத் தன்னிறைவாகவும் திரிந்துவிடுகிறது என்றும் அவர் கருதினார். முன்கூட்டி அறியத்தக்கது மோதல் நிகழும் என்பது மட்டுமே, அதன் குறிப்பிட்ட கட்டங்கள் அல்ல என்பதும் அவருடைய வாதம். ஆகவே முன்கணிப்பில் இரண்டு வேலைகள் ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன: நிலைமையை ஆராய்வது ஒன்று, தொண்டர்களின் மனம் தளராமல் காப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வாக்கியத்தால் செய்யப்படும்போது ஆராய்ச்சிதான் முதலில் பலியாகிறது.

மார்க்சும் எங்கெல்சும் இந்தப் பொறியில் சிக்காதவர்கள் அல்லர். ஆனால் சிக்கிய பின் நடந்துகொண்ட விதத்தில் பின்வந்தவர்களிடமிருந்து வேறுபட்டார்கள். 1848ஆம் ஆண்டுப் புரட்சிகள் தோற்றபின் லண்டனில் புகலிடம் தேடியிருந்த கம்யூனிஸ்டுகளுக்குள், உடனே ஆட்சியைப் பிடிக்க வேண்டும் என்று ஆகஸ்ட் வில்லிக்கும் கார்ல் ஷாப்பரும் வாதிட்டபோது, நிலைமைகளை மாற்றவும் ஆளும் தகுதியைத் தாம் பெறவும் தொழிலாளர்கள் 15, 20, ஏன் 50 ஆண்டுகள்கூட உள்நாட்டுப் போராட்டங்களைக் கடக்க வேண்டியிருக்கும் என்று 1850 செப்டம்பரில் மார்க்ஸ் மறுத்துப் பேசினார். ஆனால் அதே இலையுதிர்காலத்தில் அவரும் எங்கெல்சும் சேர்ந்து எழுதிய மதிப்பீட்டில், புதிய புரட்சி புதிய பொருளாதார நெருக்கடியை அடுத்தே வரும், ஒன்று எவ்வளவு உறுதியோ மற்றதும் அவ்வளவு உறுதி என்ற வாய்பாடு இடம்பெற்றது. பிற்காலத்து இடதுசாரிக் கணிப்புகளில் பெரும்பாலானவை இந்த வாய்பாட்டின் வாரிசுகளே. 1857இல் அமெரிக்காவில் தொடங்கிய வணிக நெருக்கடி லண்டனையும் ஹாம்பர்கையும் தாக்கியபோது, வெள்ளம் வருமுன் தம் பொருளாதார ஆய்வின் அடிப்படைகளையாவது தெளிவாக்கிவிட வேண்டும் என்று இரவிரவாக எழுதிக்கொண்டிருப்பதாக மார்க்ஸ் அவ்வாண்டு டிசம்பரில் எங்கெல்சுக்குக் கடிதம் எழுதினார். வெள்ளம் வரவில்லை, நெருக்கடி அடுத்த ஆண்டே தணிந்தது, அந்த அவசரத்தில் நிரம்பிய குறிப்பேடுகள்தாம் பின்னாளில் ‘குருண்ட்ரிஸ்ஸ’ என்று அறியப்பட்டன. பொய்த்துப்போன கணிப்பொன்று இவ்வளவு நல்ல விளைச்சலைத் தந்த வேறு தருணம் இடதுசாரி வரலாற்றில் தேடினாலும் அகப்படாது.

எங்கெல்சின் நேர்மை இன்னும் வெளிப்படையானது. இங்கிலாந்தில் உழைக்கும் வர்க்கத்தின் நிலை பற்றி 1845இல் இருபத்துநான்கு வயதில் வெளியிட்ட நூலில், அந்நாட்டில் சமூகப் புரட்சி நெருங்கிவிட்டது என்று அவர் எழுதியிருந்தார். 1892இல் அதன் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதியபோது, இளமை வேகத்தில் துணிந்து சொன்ன அத்தகைய ஆரூடங்களை நீக்காமல் அப்படியே விட்டிருப்பதாக அவர் குறிப்பிட்டார். 1895இல், மார்க்சின் ‘பிரான்சில் வர்க்கப் போராட்டங்கள்’ நூலின் மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில், 1848இல் தாங்கள் எதிர்பார்த்தது தவறு என்று வரலாறு காட்டிவிட்டது, ஐரோப்பியப் பொருளாதாரம் முதலாளித்துவ உற்பத்தியை அகற்றும் அளவுக்கு அப்போது பக்குவப்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். விந்தை என்னவென்றால், இந்த ஒப்புதலைக் கொண்ட அதே முன்னுரையில் அவர் புதிய கணிப்பொன்றையும் வைத்தார். ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி 1871இல் பெற்ற வாக்குகள் 1 லட்சத்து 2 ஆயிரம். 1890இல் 14 லட்சத்து 27 ஆயிரம். இந்த ஏறுமுகம் தொடர்ந்தால் நூற்றாண்டின் இறுதிக்குள் சமூகத்தின் இடைத்தட்டுகளில் பெரும்பகுதியையும் வென்று அக்கட்சி நாட்டின் தீர்மானிக்கும் சக்தியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு எண்களின் அளவில் ஏறக்குறைய பலித்தது. முன்கணிப்பின் ஆபத்துகளில் இதுவே மிக நுட்பமானது. 1912 தேர்தலில் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி 42 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளையும் 110 இடங்களையும் பெற்று நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சியாயிற்று. 1891இல் எர்ஃபர்ட் மாநாட்டில் அதன் தலைவர் ஆகஸ்ட் பேபல், இறுதி இலக்கு நிறைவேறும் நாளைக் காணாமல் போகிறவர்கள் இந்த அரங்கில் சிலரே இருப்பார்கள் என்று பேசியிருந்தார். வளைகோடு மேலேறிக்கொண்டே இருந்ததால், அந்த வாக்குகளுக்குள் என்ன இருக்கிறது, போர் வந்தால் அவை எந்தப் பக்கம் சாயும் என்று பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. 1914 ஆகஸ்ட் 4 அன்று அந்த 110 பேர் கொண்ட குழு கெய்சரின் போர்க்கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. இடையில் எட்வர்ட் பெர்ன்ஸ்டைன், முதலாளித்துவம் தானாகச் சரியும் என்ற எதிர்பார்ப்பையே கைவிடச் சொல்லி 1899இல் நூல் எழுதி, கட்சி மாநாடுகளில் திருத்தல்வாதி என்று கண்டிக்கப்பட்டார். திருத்தல்வாதம் என்பது மார்க்சியத்தின் புரட்சிகர உள்ளடக்கத்தைத் திருத்தி நீர்க்கச் செய்வதாகச் சாட்டப்படும் போக்கு. ஆனால் கடனும் உற்பத்திக் கூட்டிணைவுகளும் நெருக்கடிகளை மட்டுப்படுத்திவிடும் என்ற அவருடைய அமைதியான கணிப்பும் பெரும்போரின் முன் நிற்கவில்லை. இவர்களோடு ஒப்பிட்டால் கட்சியின் முதன்மைக் கோட்பாட்டாளரான கார்ல் காவுட்ஸ்கியின் நிலை பரிதாபமானது: வல்லரசுகள் ஒன்றுகூடி உலகை அமைதியாகச் சுரண்டும் கட்டம் வரலாம் என்ற அவரது கட்டுரை, போர் மூண்ட அடுத்த மாதத்தில் அச்சேறியது.

எதிர்த்திசைப் பிழைக்கும் சான்று உண்டு. 1917 ஜனவரியில் ஜூரிச் நகர இளைஞர்களிடம் 1905ஆம் ஆண்டு ரஷ்யப் புரட்சியைப் பற்றிப் பேசிய லெனின், வரப்போகும் புரட்சியின் தீர்மானகரமான போர்களைத் தம் தலைமுறையினர் காணாமலே போகக்கூடும் என்றார். சில வாரங்களில் ஜார் ஆட்சி கவிழ்ந்தது. எவருடைய கால அட்டவணையிலும் இல்லாத இந்த நிகழ்வு, கணிப்பின் எல்லையைக் கற்றுத் தந்திருக்க வேண்டும். மாறாக, அதுவே எல்லாக் கணிப்புகளுக்கும் அச்சாயிற்று. 1919இல் கம்யூனிஸ்ட் அகிலத்தின் தலைவரான ஜினோவியேவ், இன்னும் ஓராண்டில் ஐரோப்பா முழுவதும் கம்யூனிசமாகிவிடும் என்று அதன் இதழில் எழுதினார். ரஷ்ய இடைக்கால அரசின் தலைவர் கெரென்ஸ்கியையும் அதை எதிர்த்துக் கிளம்பிய தளபதி கார்னிலோவையும் ஒத்தவர்களை ஒவ்வொரு நாட்டிலும் தேடுவது கட்சிக்காரர்களின் வழக்கமாயிற்று. ரஷ்யாவின் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஜெர்மனியின் தெருக்களில் வழிதேடுவது எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பது பத்தாண்டுகளில் தெரிந்தது.

1928 ஜூலை முதல் செப்டம்பர் வரை மாஸ்கோவில் கூடிய கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஆறாவது பேராயம், உலகப் போருக்குப் பிந்தைய வரலாற்றை மூன்று கட்டங்களாகப் பிரித்தது. முதலாவது புரட்சி அலையின் காலம். இரண்டாவது முதலாளித்துவம் தற்காலிகமாக நிலைபெற்ற காலம். மூன்றாவது, அதன் முரண்பாடுகள் முற்றிப் போர்களும் புரட்சிகளும் வெடிக்கவிருக்கும் காலம். பொருளாதாரக் கணிப்பு என்ற அளவில் இதைக் குறைசொல்ல முடியாது. அடுத்த ஆண்டே நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. பொறி அந்த வெற்றியில்தான் இருந்தது. கணிப்பின் முதல் பாதி பலித்துவிட்டதால், நெருக்கடி மக்களைக் கம்யூனிஸ்டுகளிடம் கொண்டுவந்து சேர்க்கும் என்ற இரண்டாம் பாதியும், அதிலிருந்து பெறப்பட்ட அரசியல் முடிவும் சேர்த்தே நிரூபணமானதாக எடுத்துக்கொள்ளப்பட்டன. அந்த முடிவுக்குப் பெயர் சமூக பாசிசம்: தொழிலாளர்களைப் புரட்சியிலிருந்து தடுத்து நிறுத்துவதால் சமூக ஜனநாயகக் கட்சியே பாசிசத்தின் ஒரு வடிவம், ஆகவே முதன்மையான அடி அதன்மீதே விழ வேண்டும் என்பது அதன் சாரம். இந்தச் சினத்துக்கு உண்மையான காரணங்கள் இல்லாமல் இல்லை. ரோசா லக்சம்பர்கும் கார்ல் லீப்னெக்டும் 1919 ஜனவரியில் கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்தது சமூக ஜனநாயகக் கட்சி. 1929 மே நாளில் பெர்லினில் ஊர்வலத் தடையை மீறியவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டபோது காவல்துறைத் தலைவராக இருந்தவரும் அக்கட்சிக்காரரே. ஆறாத காயத்தைக் கோட்பாடாக உயர்த்தியதுதான் பிழை.

எண்கள் மீண்டும் ஏமாற்றின. ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியின் இடங்கள் 1928இல் 54, 1930இல் 77, 1932 ஜூலையில் 89, நவம்பரில் 100 என்று உயர்ந்துகொண்டே போயின. ஹிட்லரின் கட்சி 1928இல் பெற்ற 12 இடங்களிலிருந்து 1930 செப்டம்பரில் 107க்குத் தாவியபோதும், அதுவே நாஜிகளின் உச்சம், இனி வீழ்ச்சிதான் என்று கட்சி நாளேடான ‘ரோட்டே ஃபானே’ எழுதியது. 1932 ஜூலையில் நாஜிகள் 230 இடங்களைப் பெற்றனர். 1931 அக்டோபரில் கம்யூனிஸ்ட் தலைவர்களில் ஒருவரான ஹெர்மான் ரெம்மலே நாடாளுமன்றத்தில், பாசிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தால் வேறெந்த அரசையும்விட விரைவில் சீரழிந்துபோவார்கள், அடுத்த முறை தங்களுடையது என்ற பொருளில் பேசினார். தங்கள் வளைகோட்டை மட்டும் பார்த்தவர்கள் பக்கத்தில் செங்குத்தாக ஏறிய இன்னொரு கோட்டைத் தங்கள் கோட்டின் நிழல் என்று எண்ணினார்கள். நெருக்கடி ஒரே நேரத்தில் இரண்டு கதவுகளைத் திறக்கும் என்பது வாய்பாட்டில் இல்லை. கட்சி உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேலையிழந்தவர்கள் என்பதும், வாக்குச்சாவடியில் வளர்ந்த கட்சிக்கு ஆலைகளில் வேலைநிறுத்தம் நடத்தும் வலு குன்றியிருந்தது என்பதும் அதே குருட்டுப் புள்ளிக்குள் அடங்கிப்போயின. 1932 நவம்பர்த் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து பெற்ற இடங்கள் 221, நாஜிகள் பெற்றவை 196. இந்தக் கூட்டலைச் செய்ய இருவருக்கும் மனமில்லை. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலரானார்.

அதன்பின் நடந்ததே இந்த வரலாற்றின் மிக இருண்ட பக்கம். கட்சித் தலைவர் ஏர்ன்ஸ்ட் தேல்மான் மார்ச் 3 அன்று கைதாகி, ஆயிரக்கணக்கானோர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், ஏப்ரல் 1 அன்று மாஸ்கோவில் கூடிய அகிலத்தின் தலைமைக்குழு, ஹிட்லர் ஆட்சிக்கு வரும்வரையும் வந்தபோதும் ஜெர்மன் கட்சி கடைப்பிடித்த திசைவழி முற்றிலும் சரியானதே என்று தீர்மானித்தது. பாசிச சர்வாதிகாரம் மக்களின் ஜனநாயக மயக்கங்களை அழிப்பதன் மூலம் புரட்சியின் வேகத்தைக் கூட்டுகிறது என்றும் அத்தீர்மானம் விளக்கியது. பேரழிவே கணிப்புக்குச் சான்றாக மாற்றப்பட்டுவிட்டபின் அதைப் பொய்ப்பிக்க எந்த நிகழ்வாலும் முடியாது. 1935இல் ஏழாவது பேராயம் ஐக்கிய முன்னணிக்குத் திரும்பியபோது, பாசிச ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டதற்காக ஜெர்மன் தோழர்கள்மீது, அங்கே முதன்மை அறிக்கை அளித்த திமித்ரோவ் குறைசொன்னார். அந்தக் குறைமதிப்பீட்டை வகுத்துக் கொடுத்த மாஸ்கோவிடம் கணக்குக் கேட்கப்படவில்லை. தேல்மான் 1944இல் புக்கென்வால்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். சோவியத் ஒன்றியத்தில் புகலிடம் பெற்றிருந்த ரெம்மலேயை 1939இல் சுட்டவர்கள் ஸ்டாலினின் காவலர்கள்.

நாடு கடத்தப்பட்டுத் துருக்கியின் பிரிங்கிபோ தீவில் இருந்த ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கி, ஹிட்லர் வென்றால் ஜெர்மன் தொழிலாளர் இயக்கமே நசுக்கப்படும், சமூக ஜனநாயகத் தொழிலாளர்களோடு உடனே கைகோக்க வேண்டும் என்று 1931இலேயே எச்சரித்தவர். ஆனால் பிறர் கணிப்பின் ஓட்டைகளைக் கண்ட அதே கண் தன் கணிப்பின்முன் மங்கியது: 1938இல் தம் ஆதரவாளர்களின் நான்காம் அகிலம் தொடங்கப்பட்டபோது, பத்தாண்டுகளில் அதன் திட்டம் கோடிக்கணக்கானோரின் வழிகாட்டியாகும் என்றார் அவர். ஒரு நன்மை, அடுத்த ஆண்டே அவர் சோதனைக்கான நிபந்தனையையும் எழுதிவைத்தார். வரும் போர் புரட்சியில் முடியாவிட்டால் பழைய மதிப்பீடுகளை மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்றார். அவர் கொலையுண்டபின் போர் முடிந்தது, சோவியத் அரசு முன்னைவிட வலுவாக நின்றது. அமெரிக்க ட்ராட்ஸ்கியத் தலைவர் ஜேம்ஸ் கேனன் 1945 நவம்பரில் கண்ட தீர்வு, போர் முடிந்துவிட்டதாக நினைப்பவர்களே தவறு செய்கிறார்கள் என்பது. சிரிப்பு வரலாம், ஆனால் கணிப்பைக் காப்பாற்ற நாட்காட்டியையே மறுத்த அந்தத் துணிவில் நம்பிக்கையாளனின் துயரமும் கலந்திருக்கிறது.

இந்திய அனுபவம் இதிலிருந்து விலகியதன்று. 1948 பிப்ரவரி இறுதியில் கல்கத்தாவில் கூடிய இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் இரண்டாவது மாநாடு, பி.சி. ஜோஷியை விலக்கி பி.டி. ரணதிவேயைப் பொதுச்செயலாளராக்கியது. கிடைத்த விடுதலை போலியானது, மக்கள் நேரு அரசின்மீது வைத்த மயக்கம் வேகமாகக் கலைந்துவருகிறது, ஒரு பெரும் வேலைநிறுத்தம் எழுச்சியாக மாறும் என்பது புதிய தலைமையின் மதிப்பீடு. அதற்கான நாளும் குறிக்கப்பட்டது: 1949 மார்ச் 9, அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம். அன்று ரயில்கள் ஓடின. வேலைநிறுத்தம் ஏன் நடக்கவில்லை என்று கேட்டவர்கள் சீர்திருத்தவாதிகள் எனப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் கட்சி தடைசெய்யப்பட்டது. சிறைகளையும் போர்க்களமாகக் கருதச் சொன்ன திசைவழி நீடித்த சூழலில், 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். சுட்டது அரசு, அந்தக் குருதிக்கு அரசே பொறுப்பு. எனினும் எழுச்சி வாசலில் நிற்கிறது என்ற கணிப்பை நம்பியே அவர்கள் சிறைக்குள்ளும் தலைநிமிர்ந்து நின்றார்கள் என்பதைக் கட்சி வரலாறுகள் தியாகத்தின் பக்கத்தில் எழுதுகின்றன, பிழையின் பக்கத்தில் எழுதுவதில்லை. கட்சி உறுப்பினர் எண்ணிக்கை 90 ஆயிரத்தை ஒட்டிய நிலையிலிருந்து 20 ஆயிரம் அளவுக்குச் சரிந்தது. வெளிநாட்டு இதழொன்றின் தலையங்கம் வழிகாட்டிய பின்னரே தலைமை மாறியது. அதைவிடக் கவனத்துக்குரியது, எந்தத் தரப்பும் கணிக்காத 1952: மயக்கம் என்று இகழப்பட்ட அதே தேர்தலில் கம்யூனிஸ்டுகள் சென்னைச் சட்டமன்றத்தில் 62 இடங்களைப் பிடித்தார்கள்.

நக்சல்பாரி இயக்கத் தலைவர் சாரு மஜும்தாரின் கணிப்பும் தேதி கொண்டதே. எழுபதுகளை விடுதலையின் பத்தாண்டாக்குவோம் என்ற அவரது அறைகூவல், 1975இன் இறுதிக்குள் இந்தியா விடுதலை பெறும் என்ற அளவுக்குப் போயிற்று. அவர் 1972 ஜூலையில் காவலில் இறந்தார்; 1975 கொண்டுவந்தது நெருக்கடிநிலைப் பிரகடனம். புறநிலைமைகள் கனிந்துவிட்டன, அகநிலைச் சக்திகளே, அதாவது கட்சியும் அதன் உணர்வுமே, பின்தங்கியிருக்கின்றன என்ற சூத்திரம் இங்கும் கைகொடுத்தது. அந்தச் சூத்திரத்தில் பழி எப்போதும் கீழ்நோக்கியே பாயும்: பக்குவமாயிருந்த நிலைமையைச் சரியாகச் சொன்னவர் தலைவர், அதைப் பயன்படுத்தத் தவறியவர் தொண்டர்.

சரியாகக் கணித்த தருணங்களைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1887 டிசம்பரில் எங்கெல்ஸ், வரவிருக்கும் போர் உலகப் போராகவே இருக்கும், எண்பது லட்சம் முதல் ஒரு கோடிவரையான வீரர்கள் ஒருவரையொருவர் கொன்றுகொள்வார்கள், மூன்று நான்கு ஆண்டுகளில் ஐரோப்பா பாழாகி மணிமுடிகள் தெருவில் உருளும் என்று எழுதினார். முப்பது ஆண்டுகளில் அது ஏறத்தாழ அப்படியே நடந்தது. ட்ராட்ஸ்கியின் 1931 எச்சரிக்கையும் இந்த வகையே. இடதுசாரிகளின் இருண்ட கணிப்புகள் அவர்களுடைய நம்பிக்கைக் கணிப்புகளைவிட நன்றாகப் பலித்திருக்கின்றன. அவற்றின்மீது யாருடைய பதவியும் எந்த அமைப்பின் மன உறுதியும் தங்கியிருக்கவில்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

ஆனால் சரியான கணிப்பும் கணித்தவரைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதற்கு இலங்கையின் சான்று போதும். 1956 ஜூனில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் மசோதா விவாதிக்கப்பட்டபோது, லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா, இரு மொழிகளை ஏற்றால் நாடு ஒன்றாக நிற்கும், ஒரு மொழியைத் திணித்தால் இரண்டாகப் பிளக்கும் என்று எச்சரித்தார். அதுவரை இடதுசாரிகள் தெற்காசியாவில் வைத்த கணிப்புகளில் இதைவிடத் தெளிவானதைக் காட்டுவது கடினம். 1964இல் அக்கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசில் சேர்ந்தது; 1966 ஜனவரியில் தமிழ்மொழிப் பயன்பாட்டுக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்த ஊர்வலத்தில் சிறிமாவோவின் சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து நடந்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணியில் அரசியலமைப்பு விவகார அமைச்சராக இருந்தவர் கொல்வின். அவர் முன்னின்று உருவாக்கி 1972 மே 22 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, சிங்களத்தின் ஆட்சிமொழித் தகுதியைச் சாதாரணச் சட்டத்திலிருந்து அரசியலமைப்புக்கே உயர்த்தியது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது, சிறுபான்மையினருக்குப் பழைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அளித்திருந்த காப்பைக் கைவிட்டது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 1977 பொதுத் தேர்தலில் லங்கா சமசமாஜக் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. தமிழீழக் கோரிக்கையை முன்வைத்துப் போட்டியிட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களுடன் பிரதான எதிர்க்கட்சியாயிற்று.